எம்டனுக்கு எத்தனை புகைபோக்கி?

"அவன் சரியான எம்டன்" என்று நம் ஊரில் இன்றும் சொல்வார்கள். 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு சென்னைக்கு எதிரே கடலில் வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பலின் பெயர்தான் எம்டன். உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் அந்தச் சம்பவத்துக்கு ஒரு கல்வெட்டும் இருக்கிறது.

அந்தக் கப்பலை மாடலாகச் செய்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ரெவெல் நிறுவனம் 350-ல் ஒரு பங்கு அளவில் எம்டனையும் அதன் சகோதரிக் கப்பலான டிரெஸ்டனையும் பிளாஸ்டிக் கிட்டாக வெளியிட்டிருக்கிறது. பெட்டியில் உள்ளதை அப்படியே ஒட்டினால் ஒரு கப்பல் கிடைத்துவிடும். ஆனால் இதில் ஊறிப்போனவர்களுக்கு அது போதாது. கைப்பிடிக் கம்பி, ஏணி, படகுகளைத் தாங்கும் கம்பிகள், கம்பத்துக் கயிறு என்று ஒவ்வொன்றும் நிஜம் போலவே வேண்டும். நிஜ எம்டனின் நீளம் சுமார் 118 மீட்டர். இந்த மாடலில் அது 34 சென்டிமீட்டர்கூட வராது. ஒரு மாலுமியின் உயரம் அரை சென்டிமீட்டர்! அந்தச் சின்ன உடம்பில் நுணுக்கம் சேர்க்கக் கைத்திறமை மட்டும் போதாது. எது எங்கே இருந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும்.

"ஆதாரமே கிடைப்பதில்லை" என்பதுதான் எல்லோருடைய புலம்பலும். இதில் பாதிதான் உண்மை. எந்தத் தேதியில் இருந்த கப்பலைச் செய்யப் போகிறோம் என்று முடிவு செய்யாமலே தேட ஆரம்பிப்பதுதான் மீதிப் பிரச்சினை.

வணிகவியல் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பேலன்ஸ் ஷீட்டின் தலையில் "மார்ச் 31 அன்று உள்ளபடி" என்று ஒரு தேதி இருக்கும். தேதி இல்லாவிட்டால் அது வெறும் காகிதம். போர்க்கப்பலும் அப்படித்தான். ஒரே கப்பல், ஒவ்வொரு தேதியிலும் வேறு கப்பல்.

எம்டனையே எடுத்துக்கொள்வோம். 1909-ல் கடற்படையில் சேர்ந்த இந்தக் கப்பல், சீனாவில் ஜெர்மனியின் வசம் இருந்த சிங்டாவ் துறைமுகத்தில் இருந்தபோது வெள்ளை வெளேரென்று இருந்தது. "கிழக்கின் அன்னம்" என்றே பெயர் வாங்கியிருந்தது. 1914-ல் போர் வந்ததும் சாம்பல் நிறத்துக்கு மாறியது. மொத்தம் மூன்று புகைபோக்கிகள். ஆனால் பிரிட்டிஷ் கப்பல் என்று எதிரியை நம்ப வைப்பதற்காகத் துணியும் மரச்சட்டமும் வைத்து நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைச் செய்து வைத்திருந்தார்கள். அக்டோபர் 28-ஆம் தேதி விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யக் கப்பலான ஜெம்சுக்கை மூழ்கடித்தபோது எம்டனுக்கு நாலு புகைபோக்கி! பிடித்த கப்பல்களிலிருந்து நிலக்கரியை எடுத்துத் தளத்தின் மேலேயே குவித்து வைத்துக்கொண்டு ஓடிய நாட்களும் உண்டு.

இன்னொரு தேதி, நவம்பர் 9. கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்க லெப்டினன்ட் ஃபான் மூக்கே தலைமையில் சுமார் 50 பேர், ஒரு நீராவிப் படகும் இரண்டு துடுப்புப் படகுகளும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார்கள். அதற்குள் ஆஸ்திரேலியப் போர்க்கப்பலான சிட்னி வந்துவிட்டது. அவர்களை விட்டுவிட்டே எம்டன் சண்டைக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. ஆகவே கடைசிச் சண்டையில் இருக்கும் எம்டனை ஒருவர் செய்தால், அந்த மூன்று படகுகளின் இடம் காலியாக இருக்க வேண்டும். எல்லாப் படகுகளையும் அழகாகத் தொங்கவிட்டால் அது தப்பு. எத்தனை நேர்த்தியாக ஒட்டினாலும் தப்புதான்.

தேதி முடிவானதும் தேடல் பாதியாகக் குறைந்துவிடும். அதன் பிறகு எதை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி.

கப்பல் கட்டும் தளத்தின் வரைபடம் பட்ஜெட் மாதிரி. இப்படிக் கட்ட நினைத்தார்கள் என்று சொல்லும். கட்டி முடித்த பிறகு செய்த மாற்றங்கள் அதில் இருக்காது. தேதியுள்ள போட்டோதான் செலவு ரசீது. ஆனால் அதையும் நிறத்துக்கு நம்பக் கூடாது. அந்தக் காலத்து ஃபிலிம் சிவப்பைக் கறுப்பாகவும், நீலத்தை வெளுப்பாகவும் காட்டும்.

போட்டோ எந்தக் கப்பலுடையது என்பதையும் பார்க்க வேண்டும். எம்டன் என்ற பெயரில் 1916-லும் 1925-லும் வேறு கப்பல்கள் வந்தன. முகப்பில் இரும்புச் சிலுவைச் சின்னம் தெரிந்தால் அது சென்னைக்கு வந்த எம்டன் அல்ல. டிரெஸ்டன் அச்சாக எம்டன் மாதிரியே இருக்கும், ஆனால் அதற்கு டர்பைன் எஞ்சின், நாலு சுழல்விசிறிகள். எம்டனுக்குப் பழைய பிஸ்டன் எஞ்சின், இரண்டே சுழல்விசிறிகள். அக்காவைப் பார்த்துத் தங்கைக்குச் சட்டை தைத்த கதையாகிவிடும்.

நல்ல ஆதாரம் எங்கே என்றால், எதிராளியின் வீட்டில்! சண்டையில் நொறுங்கிய எம்டன், வடக்கு கீலிங் தீவின் கரையில் ஏற்றி நிறுத்தப்பட்டது. மூன்று புகைபோக்கிகளும் சரிந்து, முன்கம்பமும் போய்விட்ட அந்த உடலை எடுத்த போட்டோக்கள் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. அதன் பீரங்கி ஒன்று சிட்னி நகரின் ஹைட் பார்க்கில் 1917 முதல் நிற்கிறது. அளவெடுக்க இதைவிட என்ன வேண்டும்?

முழுக் கப்பலே அருங்காட்சியகமாக நிற்கிறது என்றால் கவலையே இல்லை என்று தோன்றும். அதிலும் பொறி உண்டு. லண்டன் தேம்ஸ் நதியில் நிற்கும் பெல்ஃபாஸ்ட் கப்பலுக்கு இரண்டாம் உலகப் போர்க்கால வண்ணத்தைப் பூசினார்கள். ஆனால் 1950-களின் பிற்பகுதியில் அதன் மேல்தளமும் கம்பங்களும் மாற்றப்பட்டுவிட்டன. சட்டை பழசு, உடம்பு புதுசு! அங்கே போய் நூறு போட்டோ எடுத்து வந்து 1943-ஆம் ஆண்டு பெல்ஃபாஸ்டைச் செய்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இருப்பதிலேயே மோசமான ஆதாரம், இன்னொருவர் செய்த மாடல். அவர் ஊகமாக வைத்த ஒரு ஏணியைப் பார்த்து அடுத்தவர் வைப்பார். அவரைப் பார்த்து பத்துப் பேர் வைப்பார்கள். கடைசியில் "எல்லோரும் வைத்திருக்கிறார்களே" என்பதே ஆதாரமாகிவிடும். வவுச்சர் இல்லாத ஒரு தொகை வருஷா வருஷம் கணக்கில் முன்னே கொண்டுவரப்படுவது போலத்தான் இது. எந்த ஆடிட்டராவது ஒப்புக்கொள்வாரா?

"ஒரு பொம்மைக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எம்டன் இன்று இல்லை. கரையில் கிடந்த உடலையும் 1950-களில் இரும்புக்காக உடைத்து எடுத்துவிட்டார்கள். மிஞ்சியவை சில பீரங்கிகள், போட்டோக்கள், காகிதங்கள். போட்டோவைத் தேடிப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மாடல்தான் கப்பல். அந்தக் கப்பல் சென்னையிலும் பினாங்கிலும் உயிர்களை எடுத்தது. கோகோஸில் அதிலிருந்தவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதைப் பற்றி நாலு விஷயம் சொல்லும்போது நாலும் உண்மையாக இருப்பது நல்லது.

ஆகவே நுணுக்கம் சேர்க்க விரும்புகிறவர்கள் கத்தியையும் பசையையும் எடுப்பதற்கு முன்னால் ஒரு தாளில் தேதியை எழுதட்டும். ஆதாரம் உள்ள இடத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கட்டும். ஆதாரம் இல்லாத இடத்தை வெறுமையாக விடட்டும். வெறுமையாக விட்ட இடத்தை, போட்டோ கிடைக்கும்போது பின்னால் வருகிற ஒருவர் நிரப்பிக்கொள்ளலாம். கற்பனையால் நிரப்பிய இடத்தில் அவர் சந்தேகப்படக்கூட மாட்டார்.