உச்சிப் பொழுதில் இருண்ட வீடுகள்

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணியளவில் இலங்கைத் தீவு முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்தமையே காரணம் என வலுசக்தி அமைச்சர் அன்று கூறினார். உலகம் நகைத்தது. ஒரு நாட்டின் மின்சாரம் முழுவதையும் ஒரு குரங்கு அணைத்துவிட முடியுமாயின், குற்றம் குரங்கினுடையதா, நாட்டினுடையதா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். கண்டி மாநகரைச் சூழ்ந்த குன்றுகளிலே அன்று நிகழ்ந்த மற்றொரு வேடிக்கையைப் பற்றியே நாம் இங்கு பேச விரும்புகின்றோம்.

நேரமோ உச்சிப் பொழுது. குண்டசாலையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் பேராதனையிலும் கூரைகள்தோறும் சூரியத் தகடுகள். ஆயினும், பல இலட்சம் ரூபாய் செலவிட்டுத் தம் கூரையிலேயே மின்னுற்பத்தி செய்வோரின் இல்லங்களும், தகடு என்பதையே கண்டிராத இல்லங்களைப் போலவே ஓய்ந்து கிடந்தன. தலைக்குமேல் சூரியன்; வீட்டுக்குள் விசிறி சுழலவில்லை! "நமக்குத்தான் சொந்த மின்சாரம் உண்டே" என்று இறுமாந்திருந்தோர் பலர் அன்றுதான் உண்மையை உணர்ந்தனர்.

காரணம் எளிது. கூரைத் தகடுகளுடன் நம் நாட்டிற் பெரும்பாலும் பொருத்தப்பட்டுள்ள இன்வேர்ட்டர், வெளிக்கம்பியில் ஓட்டம் இருந்தால் மட்டுமே இயங்கும். கம்பி ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்துவிட வேண்டும் என்பது விதி. கம்பத்தில் ஏறும் ஊழியன், கம்பியில் ஓட்டமில்லை என்று நம்பியே கை வைக்கின்றான். கீழே ஒரு வீட்டுக் கூரை அக்கம்பிக்குள் மின்னைச் செலுத்திக்கொண்டிருந்தால் அவன் உயிர் போகும். ஆகவே விதி நியாயமானதே. நியாயமற்றது யாதெனில், விற்றவர்களுட் பலர் இதனை வாங்கியவர்களிடம் சொல்லாது விட்டமையாகும். 2010இல் நிகர அளவீட்டுத் திட்டம் வந்த நாள்முதல், 2016இல் அது 'சூரிய பல சங்கிராமய' என்ற பெயரில் விரிந்த நாள்முதல், தகடு விற்போர் மின்பட்டியல் குறைவதைப் பற்றியே பேசினர். மின்வெட்டைப் பற்றி வாங்கியவரும் கேட்கவில்லை. விற்றவரும் வாய் திறக்கவில்லை.

மின்வெட்டு நமக்குப் புதிதன்று. 1996இல் வறட்சி வந்து நீர்த்தேக்கங்கள் வற்றியபோது கண்டோம். 2022 மார்ச் 31ஆம் திகதி நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் நாடு இருளில் இருந்ததையும், அன்றிரவே மக்கள் மிரிஹானையில் ஜனாதிபதியின் இல்லத்தை முற்றுகையிட்டதையும் கண்டோம். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி மலையகத்தைப் புரட்டிப் போட்டது. நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டி மாவட்டமே பேரிழப்பைத் தாங்கியது. மலைச்சரிவுகளில் மின்கம்பங்கள் சாய்ந்தன. தொலைபேசிக் கோபுரங்களும் மின்னின்றி மௌனமாயின. அண்டை மலையிலிருந்த உறவினர் உயிரோடிருக்கின்றனரா என்று கேட்கவும் வழியற்றுப் பலர் தவித்தனர். அதன் பின்னரே பற்றரி விற்பனை முகவர்கள் வீடு வீடாக வரத் தொடங்கினர். வாங்குவதா, வாங்கினால் எதனை வாங்குவது என்று நம்மிடம் வந்து கேட்போர் தொகை நாளுக்கு நாள் பெருகுகின்றது. எந்திர நுட்பம் நமது தொழிலன்று. எனினும் ஒப்பந்தத்தை வாசிப்பது நமது தொழில். அதற்கு வேண்டிய அளவுக்கு நுட்பத்தையும் கற்றுக்கொண்டோம்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். கிலோவாற்று என்பது ஒரே வேளையில் எவ்வளவு மின்னை எடுக்கலாம் என்பதைக் குறிக்கும். கிலோவாற்று மணி, அதாவது மின்பட்டியலில் நாம் காணும் 'அலகு', மொத்தம் எவ்வளவு சேமித்து வைக்கலாம் என்பதைக் குறிக்கும். முன்னது குழாயின் பருமன். பின்னது தாங்கியின் கொள்ளளவு. "ஐந்து கிலோவாற்று பற்றரி" என்று முகவர் சொல்லும்போது அவர் எதனைச் சொல்கின்றார் என்று வற்புறுத்திக் கேளுங்கள். பலருக்கு அவர்களுக்கே தெளிவில்லை.

ஒரு நடுத்தரக் குடும்பத்தின் தேவையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 10 வாற்று மின்குமிழ் நான்கு, 50 வாற்று விசிறி இரண்டு, இணையப் பெட்டி ஒன்று: எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 150 வாற்று. ஐந்து மணித்தியாலத்துக்கு முக்கால் அலகு. குளிர்சாதனப் பெட்டி நாளொன்றுக்கு ஓர் அலகு கொள்ளுமாயின், அந்த ஐந்து மணித்தியாலத்தில் அதற்குக் கால் அலகுக்கும் குறைவு. ஆக மொத்தம் ஓர் அலகே! சந்தையிற் பரவலாகக் கிடைக்கும் 51.2 வோல்ற்று, 100 அம்பியர் மணி லிதியம் பற்றரி ஒன்றில் ஐந்து அலகு அடங்கும். அத்தகைய இல்லத்துக்கு அது ஒன்றே ஏறத்தாழ இருபது மணித்தியாலம் தாங்கும். மூன்று பற்றரிகளை அடுக்கி வைக்கச் சொல்லும் முகவர் தமது தரகுப் பணத்தை எண்ணுகின்றாரேயன்றி நமது மின்குமிழ்களை எண்ணவில்லை.

கணக்கு எங்கே குழம்புகின்றதெனில், வெப்பம் தரும் சாதனங்களில். கண்டிக் குளிருக்குச் சுடுநீர்க் குளியல் வேண்டும் என்போர், அந்தச் சுடுநீர்க் கருவி மூன்று கிலோவாற்றுக்கும் மேலாக இழுப்பதை அறிதல் நலம். சோறாக்கும் மின்பானையும் மின்னழுத்தியும் அதன் தம்பிமாரே. இவற்றைப் பற்றரியோடு இணையாது விட்டாற் செலவு பாதியாகும். மேட்டு வீடுகளுக்கு நீரேற்றும் பம்பியின் கதை வேறு. அரைக் குதிரைவலுப் பம்பி ஓடும்போது அரைக் கிலோவாற்றுக்குச் சற்று மேலாகவே கொள்ளும். ஆயின் புறப்படும் கணத்தில் அதுபோற் பன்மடங்கு இழுக்கும். அந்தக் கணத்தைத் தாங்காத இன்வேர்ட்டர் பம்பியை ஓட்டாது. விவசாயிகளும் பால் மாடு வைத்திருப்போரும் இதனை வாங்குமுன் ஓட்டிக் காட்டச் சொல்லுதல் வேண்டும். கறந்த பாலைக் குளிரூட்ட முடியாது போனால் அன்றைய உழைப்பு அன்றே புளித்துவிடும்.

ஈய அமிலப் பற்றரியா, லிதியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரியா? முன்னதன் விலை குறைவு. ஆனால் அதிலுள்ள மின்னிற் பாதியைத்தான் தீங்கின்றி எடுக்கலாம். பின்னதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் எடுக்கலாம். "ஆறாயிரம் முறை மின்னேற்றலாம்" என்பது முகவர்களின் மந்திரம். நாள்தோறும் ஒருமுறை பயன்படுத்துவோனுக்கு அது பதினாறு ஆண்டு. ஆண்டுக்குப் பத்து முறை மின்வெட்டைச் சந்திப்போனுக்கோ ஆறாயிரம் என்ற எண்ணாற் பயன் எதுவுமில்லை. அவன் பார்க்க வேண்டியது பற்றரியின் வயதை, எண்ணிக்கையை அன்று. அவசரத்துக்கு மட்டும் வேண்டுமென்றால் சிறியதாக வாங்குக. மாலை 6.30 முதல் 10.30 வரையுள்ள உச்ச வேளையில் நாள்தோறும் பயன்படுத்த எண்ணினால் மட்டுமே பெரியதை நினைக்கலாம். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைத் தகடுகளைப் பிற்பகல் மூன்று மணி வரை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டதை வாசகர் மறந்திரார். பகலில் மின் மிகுதி, இரவிற் பஞ்சம்! பற்றரியிற் சேமித்ததை மாலையில் வழங்குவோருக்குக் கூடிய விலை தரும் திட்டம் அதே ஆண்டில் எழுந்தமைக்கும் இதுவே காரணம்.

கண்டிக்கென்று சில நன்மைகளும் தீமைகளும் உள. வெப்பம் பற்றரியின் பகை. யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் விட நமது ஊர் குளிர்ந்தது, எனவே பற்றரி இங்கு நெடுநாள் வாழும். மறுபுறம், தென்மேல் பருவக்காற்றின்போது முகில் மூடிய நாட்களில் தகடு தருவது சொற்பம். ஆகவே தகட்டிலிருந்தும் வெளிக்கம்பியிலிருந்தும் மின்னேற்றிக்கொள்ளவும், கம்பி நாட்கணக்கில் ஓய்ந்தபோது தகட்டை மட்டும் கொண்டு தானே மீண்டெழவும் வல்ல கலப்பு இன்வேர்ட்டரே இங்கு பொருந்தும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி மின்னல் கடுமை; நிலத்தொடுப்பும் மின்னல் காப்பும் இல்லாது பொருத்த விடாதீர்கள். பற்றரியை வைக்கும் இடமோ உயரமாக இருத்தல் வேண்டும். கம்பளையிலும் பேராதனையிலும் மகாவலி வீட்டுக்குள் நுழைந்ததை 2025இற் பார்த்தபின் இதற்கு விளக்கம் தேவையில்லை.

இனி நமது துறைக்கு வருவோம். விலைக்குறிப்பைக் கையில் எடுத்தால், முதற்பக்கத்தில் 'பத்தாண்டு உத்தரவாதம்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். பின்பக்கத்தின் சிற்றெழுத்தில், 'பத்தாண்டு அல்லது இத்தனை அலகு மின் வெளிப்படும்வரை, எது முந்துகின்றதோ அது' என்றிருக்கும். உத்தரவாதம் தருபவர் யார்? கடல் கடந்த உற்பத்தியாளரா, இங்குள்ள இறக்குமதியாளரா, நேற்றுக் கடை திறந்த முகவரா? பழுது பார்ப்பவர் கண்டியில் இருக்கின்றாரா, கொழும்பிலிருந்து வர வேண்டுமா? 2025 நவம்பரிற் கடுகண்ணாவையில் மண்சரிந்து கொழும்பு வீதி மூடப்பட்டதை நினைவிற்கொண்டு இவ்வினாவைக் கேளுங்கள். இந்தப் பத்திரங்களுட் பலவற்றில் ஒரு வரிதானும் தமிழில் இல்லை. தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழியென அரசியலமைப்பில் எழுதியாயிற்று. தமிழனிடம் இலட்சக்கணக்கிற் பணம் வாங்கும் வணிகருக்கு அது இன்னும் எட்டவில்லை போலும்!

அதனினும் முக்கியமானதொன்றுண்டு. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நமது சட்டமே. வாங்குவோன் தனது தேவை இன்னதென விற்போனுக்கு அறிவித்து, அவனது திறமையை நம்பி வாங்குவானாயின், அப்பொருள் அத்தேவைக்குப் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனை எழுதப்படாமலே ஒப்பந்தத்தில் அடங்கும். ஆயின், ஒரு வர்த்தகப் பெயரைச் சொல்லி அந்தப் பண்டத்தையே கேட்டு வாங்கினால் அந்த நிபந்தனை எழாது. பெயர்பெற்ற பண்டத்தைக் கேட்டு வாங்குவதே பாதுகாப்பு என்று நம்மவர் எண்ணுகின்றனர். சட்டம் அவ்வாறு எண்ணவில்லை. ஆகவே கடிதமாக எழுதிக் கொடுங்கள்: "நான்கு மின்குமிழ், இரண்டு விசிறி, ஒரு குளிர்சாதனப் பெட்டி, ஓர் அரைக் குதிரைவலுப் பம்பி, இவற்றை ஐந்து மணித்தியாலம் மின்வெட்டின்போது இயக்கத்தக்க சாதனத்தைத் தாங்களே தெரிவு செய்து தருக." அதன் பிரதியில் விற்பவரின் கையொப்பத்தைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். மறுப்பாராயின் அடுத்த கடைக்குச் செல்லுங்கள். பின்னர் வாக்குத் தவறினால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடவும், நீதிமன்றம் செல்லவும் அந்தத் தாள் உதவும்.

இவையெல்லாம் சொந்தக் கூரை உடையோர்க்கு. கூரையே தனதல்லாதவனின் நிலை என்ன?

விக்டோரியா 210 மெகாவாற்று, கொத்மலை 201, மேல் கொத்மலை 150, பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட நீரால் உக்குவெலையில் 40. தீவுக்கு ஒளி தரும் இந்த ஆறுகள் மலையகத்தின் ஆறுகள். விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நகரே நீரில் மூழ்கியது. ஆனால் இம்மலைகளின் லயங்களில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் வாழும் தொழிலாளி, கூரைத் தகட்டுத் திட்டத்திற் சேர்வது அரிது. நிகர அளவீடு என்பது கணக்குடையோனுக்கும் மின் வழங்குநருக்கும் இடையிலான ஒப்பந்தம். கூரை தோட்டத்துக்குச் சொந்தம். காணி உறுதி அவன் கையில் இல்லை. மாலை நேர மின்னுக்கு அரசு எத்துணைக் கூடிய விலை கொடுத்தாலும் அதில் ஒரு சதமும் அவனைச் சென்றடையாது. ஏழு பேர்ச்சுக் காணி பெற்ற சிலரைத் தவிர ஏனையோர்க்கு இத்திட்டம் அடைத்த கதவே. தோட்டத்துப் பணக்காரர் சிலர் மலிவான, ஊர்பேர் தெரியாத பற்றரிகளை வாங்கிக் காம்பராவின் கட்டிலுக்கடியில் வைப்பதையும் கேள்விப்படுகின்றோம். ஒரு காம்பராவிற் பற்றிய தீ வரிசை முழுவதையும் தின்பதை எத்தனை முறை கண்டோம்? இது வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கின்றோம்.

வழி உண்டு. வீட்டுக்கொரு பற்றரி என்று எண்ணாது, பிரிவுக்கொன்று என்று எண்ணுதல் வேண்டும். பிள்ளைக் காம்பராவின் கூரையிலோ மருந்தகத்தின் கூரையிலோ தகடு பொருத்தி, கல்லால் கட்டிய தனியறையில் ஒரு நல்ல பற்றரியை வைத்தால், ஒரு பிரிவின் கைத்தொலைபேசிகள் முழுவதற்கும் மின்னேற்றலாம். ஆஸ்துமாக் குழந்தைக்கு மருந்துப் புகை கொடுக்கலாம். மண்சரிவு எச்சரிக்கை வரும் இரவில் மக்கள் ஒதுங்க வெளிச்சமுள்ள ஓரிடமேனும் இருக்கும். கூரை தோட்டத்தினுடையது, எனவே கம்பனியின் எழுத்து மூல ஒப்புதலும், பராமரிப்பு யார் பொறுப்பு என்ற உடன்படிக்கையும் முன்கூட்டியே வேண்டும். டித்வாவுக்குப் பின்னர் மீள்கட்டுமானத்துக்கென்று பேசப்படும் நிதியில் இதற்கொரு பங்கைக் கேட்பது பிச்சையன்று. ஆறுகளைத் தந்தவர்கள் கேட்கும் ஈடு.

தோட்டக் கமிட்டித் தலைவர்கள் தத்தம் பிரிவில் எத்தனை காம்பராக்கள், பொதுக் கட்டடம் எது, அதன் கூரை எத்திசை நோக்கியது, அருகே நீரோடை உண்டா, மின்கருவியில் உயிர் பிழைக்கும் நோயாளர் எத்தனைபேர் என்ற விவரங்களை ஒரு தாளில் எழுதி அனுப்புவார்களாக. உடன்படிக்கையின் வரைவைத் தமிழில் எழுதித் தரும் வேலையை நாம் ஏற்கின்றோம்.