மானும் மருமவனும் ஒரு மலிவுத் துப்பாக்கியும்

பதிவு போட்டு மூணு மாசமாச்சு. மழை, கடன், பாவு அறுந்தது, வழக்கமான கதைதான். இன்னிக்கு எழுதியே ஆகணும்னு உக்கார வெச்சது எங்க அக்கா.

போன ஞாயித்துக்கிழமை போன். எடுத்த எடுப்பிலேயே அழுகை. "உன் மருமவன் இன்னா பண்றான் தெரியுமாடா? துப்பாக்கி வாங்கப் போறானாம். மான் சுடப் போறானாம். பட்டு நெய்யற குடும்பத்துல பொறந்துட்டு ஒரு உயிரைக் கொல்லலாமாடா?"

பின்னாடி குக்கர் விசில் அடிக்குது. ஞாயித்துக்கிழமை. உள்ள இருக்கறது ஆட்டுக்கறி :-)

பையன் இருக்கறது மெல்பர்ன்ல. குடியுரிமை வாங்கி ஆறு வருஷம் ஆச்சு. அவனைத் திட்டி குடும்ப வாட்ஸப் குழுவுல நாப்பது மெசேஜ். சித்தப்பா ஒருத்தர் வள்ளலார் படம் போட்டார். (அதுக்கு முந்தின நாள் அதே குழுவுல அவர் போட்டது வான்கோழி பிரியாணி படம்.) பையன் எனக்குத் தனியா ஒரே ஒரு கேள்வி அனுப்பினான். "மாமா, நீங்க என்.சி.சி.ல சுட்டிருக்கீங்களே, முதல் ரைபிள் எது வாங்கலாம்? ஆபீஸ்ல ஒருத்தர் டிக்கா எடு, .300 மேக்னம் எடு, வாழ்நாளுக்கும் ஒண்ணே போதும்கறார்."

ஆக, ஒரு பக்கம் பாவம் பாவம்னு கத்தறவங்க. இன்னொரு பக்கம் காசைக் கொட்டுன்னு ஏத்தி விடறவங்க. ரெண்டு பேருமே மானைப் பத்தி யோசிக்கலை. அதுதான் என் கடுப்பு.

முதல்ல பாவக் கட்சி.

ஆரணிக்காரங்க நாம இதைப் பேசறதுக்கு முன்னாடி கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கணும். நம்ம தறியில ஓடற பட்டு எங்கேர்ந்து வருது? கர்நாடகத்துல ராமநகரம் மாதிரி சந்தைகள்ல கூடு கூடா ஏலம் போகுது. புழு உள்ள உயிரோட இருக்கும்போதே கூட்டைச் சூட்டுல வெச்சுக் கொன்னுட்டு, வெந்நீர்ல போட்டு இழை எடுக்கறாங்க. பூச்சி கூட்டைத் துளைச்சுட்டு வெளிய வந்தா நூல் அறுந்துடும், அதனால வர விடறதில்லை. ஒரு முகூர்த்தப் புடவைக்கு ஆயிரக்கணக்கான கூடு. எங்கப்பா நாப்பது வருஷம் குழித்தறியில உக்காந்தார். எத்தனை கோடி உயிர்னு கணக்குப் போட்டா தூக்கம் வராது.

பட்டை நிறுத்துங்கன்னு சொல்ல வரலை. எனக்கும் அதுதான் சோறு. நான் சொல்றது, நாம யாரும் சுத்தம் கிடையாது. பட்டுப் புடவை கட்டிக்கிட்டு, மட்டன் குழம்பு கொதிக்கும்போது, கொல்றது பாவம்னு பையன்கிட்ட சொன்னா அவன் சிரிப்பான். அப்புறம் நாம சொல்ல வேண்டிய உருப்படியான விஷயத்தையும் கேக்க மாட்டான்.

இன்னொண்ணு. அவன் சுடப் போறது எந்த மான்? கடமான். நம்ம கடமானேதான்! ஈழத்து நண்பர்கள் மரைன்னு சொல்வாங்களே, அதேதான். 1860-கள்ல வெள்ளைக்காரன் இந்தத் துணைக்கண்டத்துலேர்ந்து கப்பல்ல கொண்டுபோய் விக்டோரியா மாகாணக் காட்டுல விட்டான். இங்க அதைத் திங்க புலி இருக்கு, செந்நாய் இருக்கு. அங்க புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. பெருகிப்போய் காட்டுச் செடியை மேஞ்சு தீர்க்குது. கடமானால உள்ளூர்த் தாவரங்களுக்கு ஆபத்துன்னு அந்த மாகாணச் சட்டத்துலயே பட்டியல் போட்டிருக்காங்க. வேட்டைக்காரங்க மட்டும் வருஷத்துக்கு ஒரு லட்சம் மானுக்கு மேல சுட்டிருக்காங்க. 2019-20 காட்டுத்தீக்கு அப்புறம் அரசே ஹெலிகாப்டர்லேர்ந்து ஆள் வெச்சுச் சுட்டுது. யாரும் சுடலைன்னா அந்த மான் நிம்மதியா வாழ்ந்துடும்னு அக்கா நினைக்குது. அப்படி இல்லை.

அதே மானை இங்க தொட்டா கதையே வேற. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம். எந்த விலங்கு, எந்த இடம்கறதைப் பொறுத்து ஏழு வருஷம் வரைக்கும் உள்ள போகலாம். கலெக்டர் ஆபீஸ்ல லைசென்ஸ் வாங்கி .315 ரைபிள் வெச்சிருந்தாலும் அது மானைச் சுட லைசென்ஸ் இல்லை. 1998-ல சுட்ட மான் வழக்குல சல்மான் கானுக்கு ஜோத்பூர் கோர்ட்டு 2018-ல அஞ்சு வருஷம் தண்டனை குடுத்துச்சு. ஜாமீன்ல வந்துட்டார், அது வேற விஷயம். இங்க மானைச் சுடறவன் புலியோட தட்டுலேர்ந்து திருடறான். சட்டம் சரிதான். ஒரே மான், ரெண்டு மண்ணு, ரெண்டு நியாயம். இதைப் புரிஞ்சுக்காம ரெண்டு ஊருக்கும் ஒரே பிரசங்கம் பண்ணக்கூடாது.

அப்ப எனக்குக் கவலையே இல்லையான்னு கேட்டா, இருக்கு. 1986-ல பார்த்த ஒண்ணுதான் காரணம்.

அப்ப எனக்குப் பத்து வயசு. ஜவ்வாது மலை அடிவாரத்துல ஒரு கிராமத்துல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருந்தோம். காலையில கிணத்து மேட்டுல ஒரு புள்ளிமான் படுத்திருந்துச்சு. நாட்டுத் துப்பாக்கியில கருமருந்தும் பால்ரஸும் போட்டு யாரோ சுட்டது. வயித்துலயும் பின்னங்காலுலயும் பட்டிருக்கு. ரெண்டு நாளா இழுத்துக்கிட்டே நடந்து தண்ணிக்கு வந்திருக்கு. காயத்துல ஈ. கண்ணு மட்டும் அசையுது. பெரியவர் ஒருத்தர் கொடுவாளோட வந்து முடிச்சார். மதியம் கறி. நானும் சாப்பிட்டேன். அதைத்தான் இன்னிக்கு வரைக்கும் செரிக்க முடியலை. செத்ததுகூடப் பரவாயில்லை. அந்த ரெண்டு நாள்தான்.

அதனால மருமவனே, உன் முதல் துப்பாக்கிக்கு ஒரே அளவுகோல்தான். அந்த ரெண்டு நாள் வரக்கூடாது. ஒரு தோட்டா, நெஞ்சுக்கூடு, முடிஞ்சது. எந்தத் துப்பாக்கி அதுக்கு உதவுதோ அது நல்ல துப்பாக்கி. மத்ததெல்லாம் பந்தா.

இப்ப பந்தாக் கட்சிக்கு வர்றேன். ஆபீஸ் நண்பர் சொன்ன .300 வின்செஸ்டர் மேக்னம் எதுக்கு? விக்டோரியாவுல கடமான் திறந்த வெளியில நிக்காது. அடர்ந்த புதர்ல, நூறு மீட்டருக்குள்ளதான் பெரும்பாலும் சுடணும். மேக்னத்தோட உதை இருக்கே, முதல் தடவை சுடறவனுக்குத் தோள்பட்டை கழண்டுடும். பத்து தோட்டா போனதும் மனசு பயந்துக்கும். அப்புறம் விசையை அழுத்தறதுக்கு முன்னாடியே கண்ணு மூடும், கை இழுக்கும். தோட்டா வயித்துல போய் விழும். உதைக்கு நீ பயந்தா வலி மானுக்கு.

சரி, மேட்டர்:

1. சட்டம் முதல்ல. அங்க கடமானுக்கு இவ்வளவுக்குக் குறைஞ்ச காலிபர் கூடாது, தோட்டா முனை இவ்வளவு கிரெய்னுக்குக் குறையக் கூடாதுன்னு விதி இருக்கு. .243 அவுட். .270, .308, .30-06 மூணுல எதுவும் சரி. என் ஓட்டு .308-க்கு. 1952-லேர்ந்து இருக்கு, எந்தக் கடையிலும் தோட்டா கிடைக்கும், உதை தாங்கலாம்.

2. போல்ட் ஆக்‌ஷன்தான். 1996-ல போர்ட் ஆர்தர்ல ஒருத்தன் 35 பேரைச் சுட்டுக் கொன்ன பிறகு, தானா குண்டு ஏத்திக்கற ரைபிளெல்லாம் அங்க சாதாரண ஆளுக்கு இல்லைன்னு ஆச்சு. அரசு ஆறு லட்சத்துக்கும் மேல துப்பாக்கிகளைக் காசு குடுத்து வாங்கி அழிச்சுது. அதனால உனக்கு நஷ்டம் ஒண்ணும் இல்லை. நான் என்.சி.சி.ல தொட்ட .22-ம் போல்ட்தான். கைப்பிடியைத் தூக்கு, பின்னால இழு, முன்னால தள்ளு, கீழ அமுக்கு. ரெண்டாவது குண்டுக்கு இவ்வளவு வேலை இருக்கறதாலயே முதல் குண்டுல கவனம் வரும்.

3. எது வாங்கறது? ஜப்பான்ல செய்யற ஹோவா 1500. வெதர்பி வான்கார்டுன்னு வேற பேர்ல விக்கறதும் அதே ஹோவா கம்பெனி செஞ்சதுதான். கொஞ்சம் கனம், ஆனா கனம் உதையைக் குறைக்கும். அதுக்கும் கீழ பட்ஜெட்னா ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்ஸிஸ். பிளாஸ்டிக் கட்டை, பார்க்க அழகா இருக்காது. ஆனா குண்டு போற இடத்துக்குப் போகும். ஃபின்லாந்து டிக்கா நல்ல துப்பாக்கிதான், இல்லேங்கலை. கடமானோட நெஞ்சுக்கூடு சாப்பாட்டுத் தட்டைவிடப் பெருசு. நூறு மீட்டர்ல மலிவு ரைபிள் தப்பறது ஒரு அங்குலம், ஒண்ணரை அங்குலம். தட்டை விடறது துப்பாக்கி இல்லை, ஆளு.

4. மிச்சம் பிடிச்ச காசு ஸ்கோப்புக்கு. கடமான் வெளிய வர்றது விடியலும் அந்தியும். பேர் தெரியாத ஸ்கோப்புல அந்நேரம் மான் எது மரம் எதுன்னு தெரியாது. மான்னு நினைச்சு மனுஷனைச் சுட்ட கதைகள் எல்லா நாட்டுலயும் இருக்கு. 3-9x40 போதும். துப்பாக்கி விலையில பாதியாவது இதுக்குப் போகட்டும்.

5. மீதி தோட்டாவுக்கு. லிட்டில் ரிவர் பக்கம் ஈகிள் பார்க்னு சுடுதளம் இருக்கு. மேஜை மேல சாய்ச்சு வெச்சுச் சுட்டுட்டு ஃபோட்டோ அனுப்பாதே. முட்டி போட்டு, மரத்துல சாய்ஞ்சு, மூச்சு வாங்கச் சுடு. எட்டு அங்குலத் தட்டுல பத்துக்குப் பத்து விழற தூரம் எதுவோ அதுதான் உன் தூரம். அது அறுபது மீட்டர்னா அறுபதுதான். அதுக்கு மேல மான் நின்னா பார்த்துட்டு வா.

காதுக்கு மூடி, பூட்டற இரும்புப் பெட்டி, பாதுகாப்பு வகுப்பு, போலீஸ் லைசென்ஸ், அப்புறம் மானுக்குத் தனியா வேட்டை லைசென்ஸ், இதெல்லாம் செலவுக் கணக்குல சேரணும். அங்க சட்டம் மாறிக்கிட்டே இருக்கும், வாங்கறதுக்கு முன்னாடி போலீஸ்கிட்டயே கேட்டுக்கோ. முதல் துப்பாக்கிக்கு அனுமதி வர குறைஞ்சது 28 நாள் காத்திருக்கணும். நல்ல ஏற்பாடு. நம்ம ஊர்ல கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு யோசிக்கறதில்லை.

இதெல்லாம் உனக்குப் புதுசு இல்லைடா. நம்ம வீட்டுல புதுசா தறி ஏறற பையனுக்குத் தாத்தா இன்னா செய்வார்? பழைய தறி, சாதா அச்சு குடுத்து, "நாடா தட்டிப் பழகு"ம்பார். ஜரிகையைக் கண்ணுல காட்ட மாட்டார். கை படியாதவன் கிட்ட விலை உசந்த சாமான் போனா வீணாப் போறது சாமான்தான். இங்க வீணாப் போகப்போறது ஒரு உயிர். அதனால இன்னும் கறாரா இருக்கணும்.

நான் மான் சுட்டதில்லை. சுடவும் மாட்டேன். 25 கஜத்துல அட்டையில அஞ்சு குண்டு, அவ்வளவுதான் என் வீரம். ஆனா தட்டுல கறி வெச்சுச் சாப்பிடற எனக்கு, தன் கறியைத் தானே பொறுப்பெடுத்துக் கொல்லப் போறவனைத் திட்ட யோக்கியதை இல்லை. கேள்வி கேக்க மட்டும் உரிமை இருக்கு. "ரெண்டாவது குண்டு தேவைப்பட்டா என்னடா பண்ணுவே? காயத்தோட புதருக்குள்ள ஓடிட்டா, இருட்டினாலும் ரத்தத்தடம் பார்த்துத் தேடிப் போவியா, இல்ல காருக்குத் திரும்பிடுவியா?"

இதை அப்படியே அவனுக்கு அனுப்பினேன். ரெண்டு நாள் பதில் இல்லை. நேத்து ராத்திரி வந்துச்சு: "தேடுவேன் மாமா. அம்மாகிட்ட நீங்க பேசுங்க."

துப்பாக்கிக்கு வழி சொல்லியாச்சு. அக்காவுக்கு எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை. வர்ற ஞாயித்துக்கிழமை போன் பண்ணணும். குக்கர் விசில் வர்ற நேரமாப் பார்த்து.

டிஸ்கி: ஜவ்வாது மலை, படவேடுன்னு நாட்டுத் துப்பாக்கியோட கிளம்பற புண்ணியவான்கள் யாராவது இதைப் படிச்சுட்டு "அண்ணே, நல்ல ரைபிள் சொல்லுங்க"ன்னு பின்னூட்டத்துல வந்தீங்கன்னா, பதில் வனத்துறைதான் சொல்லும். ஆட்டோ அனுப்பறவங்க தாராளமா அனுப்புங்க, ஆரணி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சவாரி வேணும் :-)