பாக்கிதாரர் யார்?

பஞ்சாலைத் தொழிலாளிக்கு ‘அரியர்ஸ்’ என்ற சொல் புதிதல்ல. பஞ்சப்படி உயரும். முதலாளி அதைக் கொடுக்காமல் மாதக்கணக்கில் இழுத்தடிப்பார். கேட்டுக் கேட்டு, கேட் வாசலில் நின்று நின்று, கடைசியில் மொத்தமாக வாங்குவோம். அதுதான் நாம் அறிந்த அரியர்ஸ். அது நமக்கு வரவேண்டிய பாக்கி. கொடுக்கவேண்டியவர் முதலாளி, வாங்கவேண்டியவன் தொழிலாளி.

அதே சொல் இன்று வேறு வாசல் வழியாக நம் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது. தாராபுரத்திலும், மூலனூர், குண்டடம், அலங்கியம் பக்கத்துக் கிராமங்களிலும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். பருவப் பரீட்சையில் ஒரு பாடம் தவறிவிடுகிறது. ‘அரியர் விழுந்துவிட்டது’ என்கிறார்கள். இந்த அரியரில் கொடுக்கவேண்டியவர் யார்? நம் பிள்ளை! வாங்குகிறவர் யார்? பல்கலைக்கழகம்! மில்லில் பாக்கி கேட்டு நின்ற நாம், கல்லூரியில் பாக்கி கட்டுவதற்காக நிற்கிறோம்!

உண்மையில் யாருக்கு யார் பாக்கி? இந்தக் கணக்கைத் தொழிலாளரும் விவசாயக் கூலிகளும் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். ஏனென்றால், இதில் கரைவது நம் கூலி. பாழாவது நம் பிள்ளைகளின் வயது.

ஒரு வருஷம் சும்மா இரு!

நம் வட்டாரத்தின் பொறியியல் கல்லூரிகள் 2001ஆம் ஆண்டு முதல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டன. அந்தப் பல்கலைக்கழகம் 2017ஆம் ஆண்டு ஒரு புதிய விதியைக் கொண்டுவந்தது. முதல் பருவத்தில் தவறிய பாடத்தை இரண்டாம் பருவத்தில் எழுத முடியாது. அந்தப் பாடம் மறுபடி நடக்கிற மூன்றாம் பருவம் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றது அந்த விதி. நவம்பரில் தவறியவன் அடுத்த நவம்பர் வரை காத்திருக்க வேண்டும்!

நாம் கேட்கிறோம்: இது எந்த ஊர் நியாயம்? நட்ட வயலில் நாலு நாற்று பட்டுப்போனால் என்ன செய்கிறோம்? சில நாட்களுக்குள் அந்த இடத்தில் வேறு நாற்று ஊன்றுகிறோம். ‘அடுத்த பட்டம் வரட்டும்’ என்று இடத்தை வெறுமே போடுகிறோமா? ஸ்பின்னிங்கில் இழை அறுந்தால் சைடு பார்க்கிற பெண் அந்த நிமிஷமே ஓடிப் போய் ஒட்டுகிறாள். ‘அடுத்த ஷிப்டில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று அவள் நின்றால் மேஸ்திரி விடுவாரா? அறுந்த இழையை உடனே ஒட்டவேண்டும் என்பது மில்லில் நேற்றுச் சேர்ந்த பெண்ணுக்குக்கூடத் தெரியும். பல்கலைக்கழகத்துப் பெரியவர்களுக்கு மட்டும் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தைப் பாருங்கள். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் தவறிய பிள்ளைக்கு அதே கோடையில் துணைத்தேர்வு நடக்கிறது. தேறினால் அதே ஆண்டில் மேலே போகலாம். பதினேழு வயதுப் பிள்ளைக்குக் கிடைக்கிற இந்த நியாயம் பதினெட்டு வயதில் எங்கே போயிற்று? முதலாளித்துவ நாடான பிரிட்டனிலேயே பல பல்கலைக்கழகங்கள் கோடைப் பரீட்சையில் தவறியவர்களுக்கு ஆகஸ்டில் மறுபரீட்சை வைத்து, அடுத்த ஆண்டு வகுப்பு துவங்குமுன் கணக்கைத் தீர்த்துவிடுகின்றன. இங்கே மட்டும் ஏன் காத்துக்கிடக்க வேண்டும்?

காத்திருப்பது எல்லாருக்கும் ஒன்றல்ல. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வருஷம் என்பது ஒரு வருஷம், அவ்வளவுதான். நம் வீட்டில் ஒரு வருஷம் என்றால் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துவிடுகிறார்கள். பையன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறிவிடுகிறான். அப்படிப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்து பரீட்சை எழுதுகிறார்கள்?

2019ஆம் ஆண்டுத் துவக்கத்தில் மாணவர்கள் சென்னையில் திரண்டு இந்த விதியை எதிர்த்துப் போராடினார்கள். அதன் பிறகே பல்கலைக்கழகம் விதியைத் தளர்த்தியது. தானாக மனம் இரங்கவில்லை, இரங்கவைத்தார்கள். இதை நாம் மறக்கக்கூடாது.

தவறினால் தண்டம்!

விதி தளர்ந்தது, வசூல் தளரவில்லை. தவறிய ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு முறையும் பணம். 2023 நவம்பரில் ஒரு பாடத்துக்கு 150 ரூபாயாக இருந்த பரீட்சைக் கட்டணத்தை ஒரே அடியில் 225 ரூபாய் ஆக்கினார்கள். நம் கூலி என்றைக்காவது ஒரே அடியில் ஒன்றரை மடங்கு ஆனதுண்டா? எதிர்ப்பு கிளம்பியது. உயர்வை நிறுத்திவைப்பதாக அன்றைய உயர்கல்வி அமைச்சர் பொன்முடி அறிவிக்க வேண்டியதாயிற்று.

இதைவிடப் பெரிய வேடிக்கை 2021இல் நடந்தது. நாலு வருஷப் படிப்பை ஏழு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அதுவரை இருந்த விதி. அந்தக் கெடு தாண்டியும் பாடம் பாக்கி வைத்திருந்த பழைய மாணவர்களுக்கு, 2001-02 காலத்தில் படித்தவர்களுக்குக்கூட, இன்னொரு வாய்ப்பு தருவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. வாய்ப்பு தந்தது நல்லதுதான். ஆனால் அதற்கு விலை வைத்தார்களே! வழக்கமான பரீட்சைக் கட்டணம் போக, தனியாக 5,000 ரூபாய்!

அந்த 2021-22ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட ஒரு நாள் கூலி 273 ரூபாய். ஐயாயிரத்தை 273ஆல் வகுத்துப் பாருங்கள். பதினெட்டு நாள் வெயிலில் மண் சுமந்தாலும் அந்தப் பணம் சேராது. அரிசி வாங்காமல், பருப்பு வாங்காமல், பஸ்ஸுக்குக் காசு கொடுக்காமல் பதினெட்டு நாள்! படிப்பை நிறுத்தியவனுக்கு நல்ல உத்தியோகம் ஏது? உத்தியோகம் இல்லாதவனிடம் ஏது ஐயாயிரம்? கதவைத் திறந்துவிட்டு வாசலில் உண்டியல் வைப்பதற்குப் பெயர் சலுகையா?

2010ஆம் ஆண்டு முதல், குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருகிற பிள்ளைக்குத் தொழிற்கல்லூரிகளில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. 2021இல் அரசுப் பள்ளி மாணவருக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு வந்தது. அவர்கள் கட்டணத்தைச் சர்க்காரே ஏற்றது. இவை போராடிப் பெற்ற நன்மைகள், வரவேற்கிறோம். ஆனால் முன்வாசலில் கட்டணம் இல்லாமல் உள்ளே விட்டுவிட்டு, கால் இடறி விழுந்தவனிடம் மட்டும் விழுந்ததற்குத் தண்டம் வாங்குவது எந்த வகை உபகாரம்?

உபயோகப்படாத ஒரு கதவு

விதிப் புத்தகத்தில் இன்னொரு பக்கம் இருக்கிறது. அதை நம் பிள்ளைகளில் பலர் புரட்டியே பார்த்ததில்லை. நோய்வாய்ப்பட்டாலோ, வீட்டில் எதிர்பாராத கஷ்டம் வந்தாலோ, பரீட்சையிலிருந்து முன்கூட்டியே விலகிக்கொள்ள மனுச் செய்யலாம். படிப்புக் காலம் முழுவதிலும் ஒரு தடவை இந்த அனுமதி உண்டு. அப்படி விலகினால் அது ஒரு முயற்சியாகக் கணக்கில் வராது. பிறகு எழுதித் தேறினால் முதல் வகுப்புச் சிறப்புப் பட்டத்துக்கும் குறைவு வராது. ஆனால் மனுச் செய்யாமல் போய், காய்ச்சலோடு எழுதித் தவறினால் அந்தச் சிறப்பு போயே போயிற்று.

விதி நல்ல விதிதான். யாருக்குப் பயன்படுகிறது? டாக்டர் சர்டிபிகேட் வாங்கத் தெரிந்தவனுக்கு, ஆபீஸில் யாரைப் பார்ப்பது என்று தெரிந்தவனுக்கு, கல்லூரி முதல்வரிடம் நேரே போய்ப் பேசக்கூடிய தகப்பன் உள்ளவனுக்கு. நம்மவர் என்ன செய்கிறார்? ‘ஏனுங்க, பரீட்சைக்குப் போகாம இருந்தா பெயிலாக்கிப் போடுவாங்களே’ என்று பயந்து, காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையை எழுப்பிப் பஸ் ஏற்றிவிடுகிறார். மேலும், ‘எதிர்பாராத கஷ்டம்’ என்கிறார்களே, நம் வீட்டில் கஷ்டம் எதிர்பாராமலா வருகிறது? அது தினம் வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறதே!

திருத்தியவர் தவறினால் யாருக்குத் தண்டம்?

பரீட்சையில் தவறுவது மாணவன் மட்டும்தானா? 2017 ஏப்ரல், மே மாதங்களில் நடந்த அண்ணா பல்கலைக்கழகப் பரீட்சையை எடுத்துக்கொள்வோம். மறுமதிப்பீடு கேட்டுப் பணம் கட்டியவர்கள் 3,02,380 பேர். அதில் 73,733 பேர் மறுபடி திருத்தியபோது தேறிவிட்டார்கள்! கிட்டத்தட்ட நாலில் ஒருவர்! அடுத்த ஆண்டு, 2018 ஆகஸ்டில், பணம் வாங்கிக்கொண்டு மதிப்பெண் போட்டதாக அதிகாரிகள் பேரில் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிவு செய்தது.

இதில் இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். ஒன்று, முதலில் திருத்தியது தப்பு. தேறவேண்டிய ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தவறவைத்தார்கள். அல்லது, இரண்டாவது திருத்தியது தப்பு. மதிப்பெண்ணை விலைக்கு விற்றார்கள். எதுவானாலும் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்ட வழியில்லாமல் ‘நம் தலையெழுத்து’ என்று உட்கார்ந்துவிட்ட கூலிக்காரர் மகன்தான் நஷ்டப்பட்டான். அவனுக்கு அரியர் போட்டவர்கள், தங்கள் பிழைக்கு அவனிடம் என்ன அரியர் கட்டினார்கள்?

பாடம் நடத்தாத பாக்கி

இனி மூலக் கணக்குக்கு வருவோம். ஆண்டுதோறும் வெளியாகிற தேர்ச்சிப் பட்டியலில் பாதிப்பேர்கூடத் தேறாத பொறியியல் கல்லூரிகள் பல இருக்கின்றன. ஒரு காட்டில் நாலு செடி வாடினால் செடியில் நோய் என்கிறோம். காடே வாடினால் தண்ணீர் பாய்ச்சினாயா என்று பண்ணையத்தைத்தான் கேட்கிறோம்.

தண்ணீர் பாய்ச்சினார்களா? 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு மோசடியை அம்பலப்படுத்தியது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த 224 பொறியியல் கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள், ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரியில் முழுநேர ஆசிரியராகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தார்கள்! ஒரே ஆள் பத்துக்கு மேற்பட்ட கல்லூரிகளில் பெயர் எழுதிய அதிசயமும் வெளிவந்தது. மில்லில் ஒருவன் ஒரே ஷிப்டில் இரண்டு ஆலையில் கார்டு போட்டால் என்ன ஆகும்? அன்றே சீட்டுக் கிழியும். இங்கே காகிதத்தில் வாத்தியார். வகுப்பில் வெறும் நாற்காலி. அந்த வெறும் நாற்காலியிடம் படித்துத் தவறிய பிள்ளைக்குத் தண்டம்!

இன்னொன்று. பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்த பிள்ளை கல்லூரியில் முதல் நாளே இங்கிலீஷ் வெள்ளத்தில் தள்ளப்படுகிறான். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் என்ற இரு படிப்புகளைத் தமிழில் துவங்கியது. மற்ற படிப்புகளுக்குப் போகிற கிராமத்துப் பிள்ளை திணறுகிறான். கணக்குத் தெரியாமல் தவறுகிறவனைவிட, கேள்வி புரியாமல் தவறுகிறவன் அதிகம். தவறியதும் என்ன செய்கிறார்கள்? மறுபடி பாடம் நடத்துகிறார்களா? இல்லை. மறுபடி பணம் கட்டச் சொல்கிறார்கள். மறுபடி அதே கேள்வி, அதே இருட்டு.

‘தரம்’ என்னும் கூச்சல்

‘விதியைத் தளர்த்தினால் தரம் கெட்டுவிடும்’ என்று சில மேதாவிகள் கூச்சல் போடுகிறார்கள். அவர்களுக்கு நம் பதில் இது: தரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பாலம் கட்டப்போகிறவனுக்குக் கணக்குத் தெரியத்தான் வேண்டும். அந்தப் பாலத்தின் மேல் நடக்கப்போகிறவர்கள் நாம்தானே!

ஆகவேதான் 2020ஆம் ஆண்டின் ‘ஆல் பாஸ்’ அறிவிப்பும் நம் கோரிக்கைக்கு விடையாகாது. கொரோனாவைக் காரணமாகச் சொல்லி அந்த ஆகஸ்டில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, அரியர் பரீட்சைக்குக் கட்டணம் கட்டியிருந்த மாணவர்களெல்லாம் தேறியதாக அறிவித்தார். கவனியுங்கள்: படித்திருந்தவர்கள் அல்ல, கட்டணம் கட்டியிருந்தவர்கள்! கொள்ளைநோய்க் காலத்தில் வேலையிழந்து கட்ட முடியாதவன் அங்கேயும் வெளியேதான் நின்றான். 2021 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் இதை ஏற்காமல் ஏதாவதொரு முறையில் பரீட்சை நடத்தச் சொன்னது. கைதட்டு வாங்கியவர் வாங்கிக்கொண்டார். ‘பரீட்சை எழுதாமல் பாஸானவன்’ என்ற ஏச்சு மட்டும் பிள்ளைகளுக்கு மிச்சம்.

தண்டம் போடுவதும் தரத்தை வளர்க்காது. சும்மா பாஸ் போடுவதும் வளர்க்காது. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: பாடம் நடத்தவேண்டிய பொறுப்பிலிருந்து பல்கலைக்கழகத்தைத் தப்பவைக்கின்றன.

நாம் கேட்பது என்ன?

தவறிய பாடத்துக்கு அந்த விடுமுறையிலேயே மறுபரீட்சை வை, பருவக்கணக்கில் காக்கவைக்காதே. மறுபரீட்சைக்கு முன் தவறியவர்களுக்குத் தனி வகுப்பு நடத்து, தமிழில் விளக்கு. முதல் பட்டதாரிகளுக்கும் கூலிக்காரர் பிள்ளைகளுக்கும் மறுபரீட்சைக் கட்டணத்தை ரத்து செய். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் ஏறினால், கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடு. பரீட்சையிலிருந்து விலகும் உரிமையைத் தமிழில் அச்சிட்டுச் சேரும் நாளிலேயே ஒவ்வொரு பிள்ளை கையிலும் கொடு. பாதிப்பேருக்கு மேல் தவறுகிற கல்லூரியில் மாணவனுக்கு முன் நிர்வாகத்தைக் கூண்டில் ஏற்று.

இவை பிச்சை அல்ல. பொறியியல் படிப்புக்கு மட்டும் உரியவையும் அல்ல. நம் பகுதிக் கலைக் கல்லூரிகள் இணைந்திருக்கிற கோவை பாரதியார் பல்கலைக்கழகம் முதல் எல்லாப் பல்கலைக்கழகங்களும் பதில் சொல்லவேண்டிய கேள்விகள்.

தாய்மார்களே, தொழிலாளத் தோழர்களே! உங்கள் பிள்ளை ‘அரியர்’ என்று தலைகுனிந்து வந்தால் ஏசாதீர்கள், படிப்பை நிறுத்தாதீர்கள். எந்தப் பாடம், யார் நடத்தினார், எத்தனை நாள் நடத்தினார் என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கேளுங்கள். நாலு பெற்றோராகச் சேர்ந்து கல்லூரி வாசலுக்குப் போங்கள். பஞ்சப்படிப் பாக்கியை ஒற்றை ஆளாக நின்று வாங்கினோமா? இந்தப் பாக்கியையும் அப்படி வாங்க முடியாது. பாடம் நடத்தாமல் பணம் வாங்கியவர்களே பாக்கிதாரர்கள். கணக்கு நம் கையில் இருக்கிறது, வசூலிக்கப் புறப்படுவோம்!