ஊரும் உறவும் இருந்தால் போதுமா?

உள்ளூர்த் தொண்டுப் பணியாளருக்கு மனநல உதவி அவ்வளவாகத் தேவையில்லையாம்; ஊரும் உறவும் பக்கத்திலேயே இருக்கிறதாம். இப்படிச் சொன்ன நண்பர் 2007 ஜூனில் கொழும்பில் இருந்திருக்கமாட்டார்.

ஜூன் 1. பயிற்சி முடிந்து மட்டக்களப்புக்குத் திரும்பக் கோட்டை ரயில் நிலையத்தில் நின்ற செஞ்சிலுவைச் சங்கப் பணியாளர் இருவரை, பொலிஸ் என்று சொல்லி வந்தவர்கள் சகாக்களின் கண்முன்னே கூட்டிப்போனார்கள். இரத்தினபுரி மாவட்டத்தில் சடலங்கள்தான் கிடைத்தன. ஜூன் 7, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்து லொட்ஜுகளிலிருந்து தமிழர் 376 பேரைப் பொலிஸார் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. பிரதமர் மன்னிப்பும் கேட்டார். (கேட்டால் நித்திரை வந்துவிடுமா?)

அந்த நாட்களில் கூட்டத்துக்கென்று கொழும்பு வந்த பணியாளர் லொட்ஜிலிருந்து அம்மாவுக்கு போன் எடுத்து என்ன சொல்லியிருப்பார்? "சாப்பிட்டன், ஒரு பிரச்சினையுமில்லை." உறவு தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த உறவு பதறக்கூடாதென்றுதான் அவர் வாயை மூடுகிறார். பதறக் காரணமும் இருந்தது: 2006 ஓகஸ்டில் மூதூரில் கொல்லப்பட்ட, பட்டினிக்கு எதிரான பிரெஞ்சு நிறுவனத்தின் 17 பேரும் இலங்கையர்தான். பெரும்பாலானோர் நிறுவனத்தின் டீசேட்டோடு அலுவலக வளவிலேயே கிடந்தார்கள்.

அலுவலகத்திலாவது பேசலாமா? ஆறு மாத ஒப்பந்தக்காரர் "பயமாக் கிடக்கு" என்று மேலாளரிடம் சொல்லமுன் அடுத்த ஒப்பந்தத்தை நினைத்துப் பார்ப்பார். இராத்திரி பதினொரு மணிக்கும் போனை எடுக்க, சொன்னதை மேலே போட்டுக்கொடுக்காத ஓர் ஆளை வையுங்கள். உறவைப் பற்றிப் பிறகு பேசலாம்.