கமிஷன் வைத்தாயிற்று என்பவர்களுக்கு

லாக்கப்பில் ஒருவர் சாகும்போதும், போலீஸ் தடியடியில், துப்பாக்கிச் சூட்டில் ஏழைகள் விழும்போதும் ஆட்சியாளர்கள் வாயிலிருந்து ஒரே பேச்சுதான் வருகிறது: "விசாரணை கமிஷன் அமைத்தாயிற்று. உண்மை வெளிவரும். யாரோ ஒரு சிலர் செய்த தவறுக்கு மொத்தக் காவல்துறையையும் குறை சொல்லாதீர்கள்." கட்சி மாறினாலும் வாசகம் மாறுவதில்லை. ஆண்டுக்கணக்கில் இதைக் கேட்டு மனம் கசந்துபோய்த்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு சிலராம். 1992 ஜூன் 20 அன்று அரூர் அருகே வாச்சாத்தியில், சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று மலையாளிப் பழங்குடி மக்களின் ஊருக்குள் புகுந்து சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை என்று குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். மூன்று துறைகளைச் சேர்ந்த 269 பேர் எந்தக் கணக்கில் ஒரு சிலர்?

அவ்வளவு தூரம் போக வேண்டாம், எங்கள் திருச்சிக்கே வருவோம். எங்கோ வெளிமாநிலத்தில் காரிலிருந்து பணப்பை காணாமல் போனால் 'ராம்ஜி நகர் கும்பல்' என்று செய்தி வருகிறது. ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்திலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஒருவரை ஒருவர் எச்சரித்துக்கொள்கிறார்கள். திருடியவனுக்குப் பெயர் இருக்கிறது, தகப்பன் பெயர் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அவன் குடியிருக்கும் ஊரையே குற்றப் பட்டியலில் ஏற்றினால், அந்த ஊரிலிருந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளை என்ன பாவம் செய்தது? இந்தப் பழக்கம் பழையது. சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாக்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இல் பிறந்து, 1911-இல் சென்னை மாகாணத்துக்கு வந்து, 1947-இல் இங்கே ஒழிந்தது. மறு ஆண்டே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்த என்று வேறொரு சட்டம் வந்துவிட்டது. அந்தப் பழைய பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட சீர்மரபினரைக் கண்டபடி கைது செய்யக் கூடாது என்று 2024 அக்டோபரில்கூட உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. பிறப்பைப் பார்த்துச் சந்தேகப்படுவது ஏதோ ஒரு ஏட்டையாவின் கெட்ட குணம் அல்ல. அது அந்தத் துறையில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் பாடம்.

உண்மை வெளிவரும் என்பதற்கு ஒரே பதில் போதும். 1999 ஜூலை 23, திருநெல்வேலி. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தியபோது 17 பேர் தாமிரபரணியில் மாண்டார்கள். நீதிபதி மோகன் கமிஷன், பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்ததாகச் சொன்னது. அவர்களை ஆற்றுக்குள் விரட்டியது எது?

கமிஷன்கள் காவல்துறையைத் திருத்தும் என்ற வாதம்தான் எனக்குப் பொறுக்கவே முடியாதது. இந்த நம்பிக்கைக்கு 170 வயது. வரி வசூலிலும் போலீஸ் விசாரணையிலும் சித்திரவதை நடக்கிறதா என்று ஆராய்ந்து சென்னை மாகாணக் கமிஷன் 1855-இலேயே அறிக்கை கொடுத்தது. கிட்டி போட்டு விரலை நசுக்கியது உட்பட அத்தனையும் அதில் பதிவானது. ஆனால் வெள்ளைக்கார அதிகாரிகளை விட்டுவிட்டுப் பழியைக் கீழ்நிலை ஊழியர்கள் தலையில் போட்டது. 'ஒரு சிலர்' வசனம் அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது! 1859-இல் புதிய போலீஸ் சட்டம் வந்தது. 1902-இல் இன்னொரு கமிஷன். 1977-இல் தேசியப் போலீஸ் கமிஷன், எட்டு அறிக்கைகள். 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு கட்டளைகள். 2013-இல் தமிழ்நாட்டில் சீர்திருத்தச் சட்டம். இத்தனைக்கும் பிறகு 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளியைப் போலீஸ் விசாரணைக்கென்று கொண்டுபோனது. பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள்.

லண்டனிலும் இதே கதைதான். கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸ் கொலையை விசாரித்த மேக்பர்சன் 1999-இல் அந்த நகரப் போலீசில் நிறவெறி நிறுவனமாகவே ஊறியிருக்கிறது என்று எழுதி, 70 பரிந்துரைகள் தந்தார். 2023-இல் லூயிஸ் கேசியின் அறிக்கையும் அதையே சொல்ல நேர்ந்தது.

நம் கமிஷன்களுக்கோ பல்லே கிடையாது. 1952-ஆம் ஆண்டு விசாரணை ஆணையங்கள் சட்டத்தின் 6-ஆம் பிரிவுப்படி, சாட்சி அங்கே சொன்னதை, பொய்ச்சாட்சி வழக்கு தவிர வேறு எந்த வழக்கிலும் அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று போராடியவர்களைப் போலீஸ் சுட்டதை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம், போலீஸ்காரர்கள் 17 பேர்மீது நடவடிக்கை கேட்டு நான்கு ஆண்டு கழித்து அறிக்கை தந்தது. பாராட்ட வேண்டிய அறிக்கைதான். ஆனாலும் பரிந்துரை பரிந்துரைதான், தண்டிக்க அதனால் முடியாது.

வாச்சாத்தியில் தண்டனை வாங்கித் தந்தது வழக்கு. ஊர் மக்கள் பின்வாங்கவில்லை, மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடவில்லை, உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. 2011-இல் தர்மபுரி நீதிமன்றம், உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

ஆகவே, அடுத்த முறை கமிஷன் என்று அறிவிப்பு வந்தால் கைதட்டாதீர்கள். கொலை வழக்கு பதிவானதா, முதல் தகவல் அறிக்கையின் எண் என்ன, அதில் எந்த அதிகாரியின் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள்.