நடப்பவனுக்கும் உண்டு நாடு!

தோழனே!

தாரின்மேல் தார் கொட்டினர். சாலை உயர்ந்தது, சாமான்யன் வீடு தாழ்ந்தது! மாரி பொழிந்தால் வாசற்படி தாண்டி வருகிறது வெள்ளம், அழையா விருந்தாளியாக! பழைய தாரைச் சுரண்டியெடுத்தபின் புதியது போடுக. வீட்டை நோக்கியல்ல, வடிகாலை நோக்கிச் சரிவு அமைத்திடுக!

கடைவீதியிலோ காருக்கு இடமுண்டு, காலுக்கு இல்லை! நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டுமென்றது இந்தியச் சாலைகள் காங்கிரஸின் 2012ஆம் ஆண்டு நெறிமுறை. தடையற்ற நடைபாதை, அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு வழங்கும் உரிமையென 2025இல் உரைத்துவிட்டது உச்சநீதிமன்றம். சலுகையன்று தோழனே, உரிமை!

அதற்காகக் கூடைக்காரியை விரட்டுவதா? அன்று! அவளுக்கும் இடம் வகுத்தே திட்டமிட வேண்டும்.

அளவுகோலுடன் உன் தெருவில் இறங்கு. அகலம் குறைந்திருப்பின் மாமன்ற உறுப்பினரைக் கேள். அவர் நம்மவராயினும் கேள்!