புரியலை சார்!

"புரியலை சார்" என்பது ஒரு தகவல். அதையே தீர்ப்பாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடும் வழக்கம் நம்ம வயசுக்காரர்களிடம் ரொம்பவே அதிகமாகிவிட்டது. இன்று அதைப் பற்றிக் கொஞ்சம் காரமாகவே எழுதப்போகிறேன். பி.பி. மாத்திரை போட்டுக்கொள்கிறவர்கள் போட்டுக்கொண்டு படிக்கவும்.

போன மாதம் சென்னையில் ஒரு சின்ன அரங்கில் கச்சேரி. புல்லாங்குழல், சாக்ஸபோன், பியானோ. மூன்றே பேர், மூவரும் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். மைக் கிடையாது. வாசித்தது எல்லாம் கடந்த நூறு வருஷத்துக்குள் எழுதப்பட்ட மேற்கத்திய இசை. அனுமதி இலவசம். 120 நாற்காலி போட்டிருந்தார்கள். ஆரம்பத்தில் 60 பேர் இருந்தோம். இடைவேளைக்குப் பிறகு 31. (தணிக்கைத் துறையில் 34 வருஷம் குப்பை கொட்டியவன், எண்ணாமல் இருக்க முடியாது.) எழுந்து போனவர்களில் பெரும்பாலோர் தலை நரைத்தவர்கள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே ஒருவர் சொன்னார்: "இது சங்கீதமா சார்? எவர்சில்வர் கடையில அலமாரி சரிஞ்ச மாதிரி இருக்கு!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்படி என்னதான் வாசித்தார்கள்?

முதலில் தனிக் குழல். எட்கார் வரேஸ் 1936-இல் எழுதிய 'டென்சிட்டி 21.5'. ஜார்ஜ் பாரேர் என்ற குழல் வித்வானின் பிளாட்டினக் குழலுக்காக எழுதப்பட்டது. பிளாட்டினத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 21.5 கிராம், பெயருக்கு அதுதான் காரணம். மொத்தமே நாலு நிமிஷம் போல. மேற்கத்தியக் குழலில் துளைகளை மூட உலோக மூடிகள் உண்டு. நடுவில் ஓரிடத்தில் அந்த மூடிகளையே தட்டி, தாளவாத்தியம் மாதிரி ஒலி எழுப்ப வேண்டும். அந்த இடம் வந்ததும் எனக்கு முன்னால் இருந்தவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம், "குழல் ரிப்பேர் போலிருக்கு" என்றார்.

இதைச் சொன்னவர் மாலி பக்தர்! பேச்சுக்குப் பேச்சு "மாலி மாதிரி வருமா" என்பார். அந்த மாலி யார்? ஏழு வயசில் மேடையேறி, அதுவரை இருந்த விரல் பிடிப்பையே மாற்றி, குழலைக் குரலாக்கிய டி.ஆர். மகாலிங்கம். மேடைக்கு வருவாரா மாட்டாரா, வந்தாலும் வாசிப்பாரா எழுந்து போய்விடுவாரா என்று தெரியாமல் காத்துக் கிடந்த தலைமுறை நம்முடையது. மாலிக்காக மணிக்கணக்கில் காத்திருந்த நமக்கு, வரேஸுக்குக் கொடுக்க நாலு நிமிஷம் இல்லையாம்.

அடுத்தது தனிப் பியானோ. ஹங்கேரிக்காரர் லிகெட்டி 1951–53-இல் எழுதிய 'மூசிக்கா ரிச்சர்காட்டா'விலிருந்து சில பகுதிகள். மொத்தம் 11 துண்டுகள். முதல் துண்டில் ஏறக்குறைய முழுக்க ஒரே ஸ்வரம்தான்! மந்திரம், மத்யம், தாரம் என்று ஸ்தாயி மாறுகிறது, வேகம் மாறுகிறது, அழுத்தம் மாறுகிறது. ஸ்வரம் மட்டும் மாறுவதில்லை. கடைசியில்தான் இன்னொரு ஸ்வரம் வந்து விழுகிறது. நம் கணக்கில் சொன்னால், அத்தனை நேரமும் பஞ்சமத்தையே சுற்றிவிட்டு, முடிவில் ஷட்ஜத்தில் உட்கார்ந்த மாதிரி. அந்த ஒரு ஷட்ஜம் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. பிறகு துண்டுக்கு ஒரு ஸ்வரமாகக் கூட்டிக்கொண்டே போய், கடைசித் துண்டில் பன்னிரண்டையும் தொடுகிறார். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? வாய்ப்பாடு தெரிந்தவனுக்குப் புரியும்.

மூன்றாவது, சாக்ஸபோனும் பியானோவும். ரஷ்யர் எடிசன் டெனிசோவ் 1970-இல் எழுதிய சொனாட்டா. சாக்ஸபோனில் ஒரே மூச்சில் இரண்டு மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து எழுப்பும் இடங்கள் அதில் வருகின்றன. நடுப் பகுதி என் பொறுமையையும் சோதித்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் மூன்றாம் பகுதியில் ஜாஸ் ஓட்டம் பிடித்தது பாருங்கள், என் கால் தானாகவே ஆடியது.

இந்த டெனிசோவ் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1979-இல் சோவியத் இசையமைப்பாளர் சங்க மாநாட்டில் ஏழு பேரைப் பெயர் சொல்லிக் கண்டித்தார்கள். அவர்களில் இவரும் ஒருவர். இவர்கள் இசை அர்த்தமற்ற சத்தம் என்ற தோரணையில் சங்கத் தலைவரே பேசினார். அதன் பிறகு சொந்த நாட்டில் அவர்கள் இசை மேடையேறுவதே பெரும்பாடு ஆயிற்று. லிகெட்டியின் கதையும் கிட்டத்தட்ட அதுதான். எழுதியதை மேஜை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தவர், 1956-இல் ஹங்கேரியை விட்டே ஓடினார்.

அதிகாரி வாயில் "புரியலை" வந்தால் தடை. நம் வாயில் வந்தால் காலி நாற்காலி. கலைஞனுக்கு இரண்டும் ஒன்றுதான். அடுத்த முறை அந்த அரங்கத்தார் இப்படி ஒரு கச்சேரி வைப்பதற்கு முன் 31 என்ற எண்ணைத்தான் பார்ப்பார்கள்.

நம்மூர் வரலாறும் இதில் சுத்தமில்லை. ஆர்மோனியத்தை 1940-இல் அகில இந்திய வானொலியிலிருந்து வெளியேற்றினார்கள். திரும்பி வர முப்பது வருஷம் ஆயிற்று. வயலின் மேல்நாட்டு வாத்தியம். பாலுஸ்வாமி தீக்ஷிதரும் தஞ்சை வடிவேலுவும் அதைக் கையில் எடுத்திராவிட்டால் இன்று பக்கவாத்தியம் என்னவாகியிருக்கும்? சாக்ஸபோன், பெல்ஜியத்துக்காரர் அடால்ப் சாக்ஸ் 1846-இல் பாரிஸில் காப்புரிமை வாங்கிய கருவி. அதை மைசூர் அரண்மனை பேண்டில் கேட்டு மயங்கிய நாகஸ்வர வீட்டுப் பையன் கத்ரி கோபால்நாத், நம் கச்சேரி மேடைக்கே கொண்டுவந்தார். 1994-இல் 'டூயட்' படம் வந்தபோது அந்த சாக்ஸபோனுக்காகவே கேசட் வாங்கினோமே, அதற்குள் மறந்துவிட்டதா?

"அவர் ராகம் வாசிச்சார் சார். இதுல ராகமே இல்லையே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ராகம் இல்லைதான். ஒலியின் நிறம், வேகம், அழுத்தம், நடுவில் விடும் மௌனம், இவற்றில்தான் விஷயம் இருக்கிறது. சரி, நம் தனி ஆவர்த்தனத்தில் ராகம் எங்கே இருக்கிறது? மிருதங்கமும் கடமும் பேசிக்கொள்வதற்கு ராகம் தேவைப்படவில்லையே! ஆனால் அப்போதும் நீங்கள் கேன்டீனுக்குத்தானே போகிறீர்கள்? பிரச்சினை ராகத்தில் இல்லை சுவாமி, தெரிந்தது வந்தால் மட்டும் தலையாட்டுவேன் என்ற பிடிவாதத்தில் இருக்கிறது.

"இந்த வயசுக்கு மேல புதுசா எதைக் கத்துக்கறது?" என்பது அடுத்த சாக்கு. எழுபது வயசில் ஸ்மார்ட்போன் கற்றுக்கொண்டோம். கீரைக்காரம்மாவுக்கு க்யூ.ஆர். கோடில் பணம் அனுப்புகிறோம். விரலுக்கு வருவது காதுக்கு வராதா?

எனக்கு நிஜமாகவே வயிற்றெரிச்சல் எதில் தெரியுமா? தெருவுக்கு ஒரு கீபோர்டு வகுப்பு இருக்கிறது. பிள்ளைகள் கிரேடு பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். வகுப்புக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு, வாசலில் காத்திருந்து கூட்டி வருவது யார்? பெரும்பாலும் தாத்தாக்கள்தான். அசல் பியானோவில் தேர்ந்த கலைஞர் பத்தடி தூரத்தில் வாசிக்கிறார், அதுவும் இலவசமாக. கடைசிவரை இருந்த 31 பேரில் குழந்தைகள் இரண்டே பேர். அப்புறம் சான்றிதழ் எதற்கு?

ஏற்பாடு செய்கிறவர்களையும் விடப்போவதில்லை. கையில் கொடுத்த காகிதத்தில் எறும்பு சைஸ் எழுத்து. ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால் இரண்டு நிமிஷம், "இதில் ஒரே ஸ்வரம்தான், கடைசியில் என்ன வருகிறது என்று கவனியுங்கள்" என்று யாராவது தமிழில் சொல்லியிருந்தால், எழுந்து போன 29 பேரில் பாதியாவது உட்கார்ந்திருப்பார்கள். கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, வாங்கோ என்று கூப்பிட வேண்டும்.

மூவரும் சேர்ந்து கடைசியாக வாசித்தது, இன்றைக்கும் உயிரோடு இருக்கிற ஒருவர் எழுதியது. குழலும் சாக்ஸபோனும் ஒன்றையொன்று துரத்த, பியானோ நடுவில் நின்று பஞ்சாயத்துப் பண்ணியது. எனக்குப் பிடித்திருந்தது. அதைவிட, உயிரோடு இருக்கும் ஒருவருக்குக் கிடைத்த கைதட்டல் பிடித்திருந்தது. நம் சபாக்களில் இது எத்தனை முறை நடக்கிறது? இன்றைய வாக்கேயக்காரரின் பாட்டு பெரும்பாலும் துக்கடாவோடு துக்கடாவாகக் கடைசியில்தான் வருகிறது. பிரதான உருப்படி என்றால் போய்ச் சேர்ந்து நூறு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். தியாகராஜ ஸ்வாமியும் 1847 வரை உயிரோடு இருந்த இசையமைப்பாளர்தான். "புரியலை" என்று அன்றைக்குத் திருவையாற்றில் எல்லோரும் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போயிருந்தால், இன்று நாம் எதற்குத் தலையாட்டிக்கொண்டிருப்போம்?

எல்லாம் பிடித்தாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். போகும்போது பேரனையோ பேத்தியையோ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களுக்குப் புரிந்தாலும் புரிந்துவிடும்.